முதல் பணி மனநலப் பிரிவில்: செவிலியர்கள் ஏன் தயங்குகிறார்கள்?

தமிழ்நாட்டில் பதிவுபெற்ற எந்தச் செவிலியரும் சட்டத்தின் பார்வையில் மனநலச் செவிலியர் ஆகலாம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 தரும் விளக்கம் அப்படி. பொதுச் செவிலியத்திலோ மனநலச் செவிலியத்திலோ பட்டயம் அல்லது பட்டம் பெற்று, மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்திருந்தால் போதும். இதய அறுவைசிகிச்சைப் பிரிவில் பத்தாண்டு வேலை பார்த்தவர், சென்ற மாதம் பட்டம் வாங்கியவர், பெங்களூரு நிம்ஹான்ஸில் மனநலச் செவிலியம் படித்தவர் ஆகிய மூவருமே அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடுகிறார்கள்.

சட்டம் கதவை இவ்வளவு அகலமாகத் திறந்துவைத்தும் உள்ளே வருவோர் குறைவு. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் நர்சிங் படித்து வெளியே வரும் மாநிலம் இது. அவர்களில் எத்தனை பேர் விரும்பி மனநலப் பிரிவைக் கேட்டு வாங்குகிறார்கள் என்று எந்த நர்சிங் கல்லூரி ஆசிரியரைக் கேட்டாலும் ஒரு சிரிப்புதான் பதிலாக வரும்.

இறுதியாண்டு மாணவிகளின் விடுதியில் இந்தப் பேச்சு எழும்போது சீனியர் அக்காக்கள் சொல்லும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: "முதல்ல ரெண்டு வருஷம் ஜெனரல் பாரு. ஐ.சி.யூ. கிடைச்சா இன்னும் நல்லது. சைக்கியாட்ரிக்கு எப்ப வேணும்னாலும் போய்க்கலாம்."

இந்த அறிவுரை எவ்வளவு சரி என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால், அதைக் கேட்டு ஜெனரல் வார்டுக்குப் போனவர்களில் பலர் திரும்பி வருவதே இல்லை.

அறிவுரையில் இருக்கும் நியாயம்

சீனியர்கள் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. செவிலியரின் கை படிவது முதல் இரண்டு ஆண்டுகளில்தான். நீரிழப்பில் சுருங்கிப்போன நரம்பைத் தடவிக் கண்டுபிடித்து வென்ஃப்ளான் போடுவது, ஈ.சி.ஜி. தாளில் எதைப் பார்த்தால் டாக்டரை ஓடிப்போய் அழைக்க வேண்டும் என்று தெரிவது, ரத்த அழுத்தம் இறங்குவதற்கு முன்பே நோயாளியின் முகத்தைப் பார்த்து ஊகிப்பது ஆகியவற்றைப் புத்தகம் கற்றுத்தராது. நாளைக்கு இருபது கேஸ் பார்க்கும் வார்டு கற்றுத்தரும். மனநல வார்டில் அந்த வாய்ப்பு குறைவு. இரண்டு ஆண்டு ஊசி பிடிக்காத கை தடுமாறும் என்ற பயமும் நியாயமானதே.

வெளிநாட்டுக் கணக்கும் உண்டு. வளைகுடா நாடுகளின் உரிமத் தேர்வுகளுக்கு அண்மைக்கால மருத்துவமனை அனுபவம் கேட்பார்கள். ஏஜென்சி விளம்பரங்களில் முதலில் கண்ணில் படுவது ஐ.சி.யூ., எமர்ஜென்சி, ஆபரேஷன் தியேட்டர். கடன் வாங்கிப் படித்த பெண்ணுக்கு இது சாதாரண விஷயமில்லை.

ஆனால், பிரிட்டனைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு மாறுகிறது. அண்மை ஆண்டுகளில் அந்நாட்டுப் பதிவேட்டில் சேரும் வெளிநாட்டுச் செவிலியர்களில் இந்தியர்களே அதிகம். அங்கே மனநலச் செவிலியம் தனித் துறை. வெளிநாட்டினருக்கு நடத்தும் செய்முறைத் தேர்விலும் அதற்குத் தனிப் பிரிவு உண்டு. மனநல வார்டுகளில் ஆள் பற்றாக்குறை அங்கே தீராத பிரச்சினை. மனநல அனுபவத்தோடு போகிறவர் அங்கே வெறுங்கையோடு நிற்பதில்லை.

நாட்டுக்கு நாடு வேறு வழி

பொதுப் பிரிவா, மனநலமா என்ற கேள்வியை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு வயதில் கேட்கிறது. பிரிட்டனில் கல்லூரியில் சேரும்போதே கேட்டுவிடுகிறார்கள். பெரியவர், குழந்தைகள், கற்றல் குறைபாடு, மனநலம் என நான்கு துறைகள். பதினெட்டு வயதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1919ஆம் ஆண்டின் செவிலியர் பதிவுச் சட்டத்திலேயே மனநலச் செவிலியர்களுக்குத் தனிப் பதிவேடு ஒதுக்கிய நாடு அது. அயர்லாந்திலும் மனநலச் செவிலியத்துக்குத் தனிப் பட்டப்படிப்பு இருக்கிறது.

ஆஸ்திரேலியா வேறு வழியில் போனது. அங்கும் முன்பு மனநலத்துக்கு நேரடியாகச் சேரும் தனிப் பயிற்சி இருந்தது. 1980களிலும் 90களிலும் அதைக் கைவிட்டு, எல்லோருக்கும் பொதுவான பட்டப்படிப்பு, பிறகு விரும்பினால் சிறப்புப் படிப்பு என்று மாற்றினார்கள். படிப்பின் தரம் உயர்ந்தது. ஆனால், பொதுப் படிப்பில் மனநலத்துக்குக் கிடைத்த இடம் சுருங்கியதால் அந்தத் துறைக்கு வருவோர் குறைந்துபோனார்கள் என்ற குறை அங்குள்ள செவிலியர்களிடம் இன்றும் ஓயவில்லை.

இந்தியாவின் வழி ஆஸ்திரேலியாவின் இன்றைய வழியை ஒத்தது. டிப்ளமோ என்றாலும் பி.எஸ்சி. என்றாலும் எல்லோரும் எல்லாவற்றையும் படிக்கிறார்கள். அதில் மனநலம் ஒரு பாடம். கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்திலோ மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவிலோ சில வாரங்கள் போஸ்டிங். அதற்குமேல் வேண்டுமானால் ஓராண்டுச் சிறப்புப் பட்டயம், அல்லது இரண்டாண்டு எம்.எஸ்சி. ஆக, இங்கே பதினெட்டு வயதில் யாரும் கேட்பதில்லை. இருபத்திரண்டு வயதில், முதல் வேலை தேடும்போதுதான் அந்தக் கேள்வி வருகிறது. அப்போது வீட்டுக்கடன், விடுதிப் பேச்சு, அம்மாவின் கவலை எல்லாம் சேர்ந்து பதிலைச் சொல்லிவிடுகின்றன.

'சும்மா பேசிக்கிட்டு இருக்கிற வேலை'

மனநல வார்டில் செவிலியருக்கு வேலையே இல்லை, பேசிக்கொண்டிருப்பார்கள் என்ற எண்ணம் மருத்துவமனைகளுக்குள்ளேயே இருக்கிறது. அந்த வார்டின் ஒரு நாளைப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது.

லித்தியம் சாப்பிடும் நோயாளியை எடுத்துக்கொள்வோம். இருமுனைக் கோளாறுக்குப் பல பத்தாண்டுகளாகக் கொடுத்துவரும் மருந்து. ரத்தத்தில் அதன் அளவு லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லி ஈக்விவலன்ட் வரை இருந்தால் மருந்து. அந்த எல்லையைத் தாண்டிச் சற்று ஏறினாலே நஞ்சு. கத்திரி வெயிலில் வியர்த்து, தண்ணீர் குடிக்காமல், வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் அளவு கிடுகிடுவென ஏறும். கை நடுக்கம் கூடியிருக்கிறது, நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது என்று முதலில் கவனிப்பவர் செவிலியர். அதை நோயின் போக்கு என்று நினைத்து விட்டுவிட்டால் சிறுநீரகம் போகும், உயிரும் போகலாம்.

குளோசபின் மருந்து தொடங்கினால் முதல் 18 வாரங்கள் வாரந்தோறும் வெள்ளணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். சாதாரணக் காய்ச்சலும் தொண்டை வலியும்கூட அங்கே அபாய அறிவிப்பு. ஓலன்சபின் எடையையும் சர்க்கரையையும் ஏற்றும். மின்னதிர்வு சிகிச்சைக்கு மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் கட்டாயம் என்று சட்டம் சொல்கிறது. சிகிச்சைக்கு முன் பட்டினி வைப்பது முதல் கண் விழிக்கும்வரை மூச்சைக் கவனிப்பது வரை ஆபரேஷன் தியேட்டர் செவிலியர் செய்கிற அதே வேலைதான் இங்கும்.

இதற்கு மேல்தான் பேச்சு வருகிறது. தன்னை யாரோ கொல்ல வருகிறார்கள் என்று நம்பும் மனிதரிடம் "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லை" என்று சொன்னால் அவர் வாயை மூடிக்கொள்வார். "ஆமாம்" என்றால் நோய்க்கு நீரூற்றியதாகும். இரண்டுக்கும் நடுவில், அவருடைய பயத்தை மதித்து, நம்பிக்கையை ஆமோதிக்காமல் பேசுவது பழகிப் பெறவேண்டிய திறன். அமெரிக்கச் செவிலியர் ஹில்டெகார்ட் பெப்லா, நோயாளிக்கும் செவிலியருக்கும் இடையிலான உறவையே சிகிச்சைக் கருவியாகக் கொண்டு 1952இல் ஒரு புத்தகம் எழுதினார். இன்றும் உலகெங்கும் நர்சிங் மாணவர்கள் அவரைப் படிக்கிறார்கள். நம் கல்லூரிகளிலும் அவர் பெயர் தேர்வில் ஐந்து மார்க் கேள்வியாக வருகிறது.

தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்து முதல் இருபது ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் பெரும்பங்கு தற்கொலை அல்ல. இதய நோய், சர்க்கரை, தொற்று முதலிய உடல் நோய்கள். 'மனநோயாளி ஏதோ சொல்கிறார்' என்று நெஞ்சுவலியைத் தட்டிக்கழிப்பதும் ஒரு காரணம். மனநல வார்டுக்குப் போனால் உடல் மருத்துவம் மறந்துபோகும் என்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். அந்த வார்டில்தான் உடலைக் கவனிக்கத் தெரிந்த கண் அதிகம் தேவைப்படுகிறது.

ஜெனரல் வார்டிலும் காத்திருக்கிறது மனநோய்

மறுபக்கமும் உண்டு. மனநலமே வேண்டாம் என்று எலும்பு முறிவு வார்டுக்குப் போகும் செவிலியரை அது அங்கும் விடுவதில்லை.

பைக்கிலிருந்து விழுந்து கால் உடைந்து ஒருவர் சேர்கிறார். இரண்டு நாள் அமைதியாக இருக்கிறார். மூன்றாம் நாள் இரவு டிரிப்ஸைப் பிடுங்கி எறிகிறார், சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார், கட்டிலிலிருந்து குதிக்கப் பார்க்கிறார். தினமும் குடித்துவந்தவர் மருத்துவமனைக்கு வந்ததால் குடி நின்றுவிட்டது. அதன் விளைவு இது. கடைசியாகக் குடித்ததிலிருந்து இரண்டு முதல் நான்கு நாட்களில் வரும் இந்த நிலை உயிரைப் பறிக்கக்கூடியது. சேர்க்கும்போதே "தினமும் குடிப்பாரா, கடைசியா எப்ப குடிச்சார்?" என்று அட்டெண்டரிடம் தனியாகக் கேட்டு, கேஸ் ஷீட்டில் எழுதி, டாக்டரிடம் சொல்லியிருந்தால் மாத்திரையும் தயமின் ஊசியும் கொடுத்துத் தடுத்திருக்கலாம். கேட்காத வார்டில் அவரைக் கட்டிலோடு கட்டிப்போடுகிறார்கள்.

பிரசவ வார்டில் ஆயிரம் பிரசவங்களுக்கு ஒன்று அல்லது இரண்டு தாய்மார்களுக்குப் பேறுகாலத் தீவிர மனநோய் வருகிறது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள். தூக்கமே இல்லை, பேச்சு மாறிவிட்டது, குழந்தையைத் தொடவே பயப்படுகிறாள் என்பதைப் 'பச்சை உடம்புக்காரி, காத்து கருப்பு பட்டிருக்கும்' என்று வீட்டார் மந்திரிக்க அழைத்துப்போவதற்கு முன்னால் கண்டுபிடிக்கக்கூடியவர் அந்த வார்டின் செவிலியரும் கிராமச் செவிலியரும்தான். தாயையும் சேயையும் பிரிக்காமல் சேர்த்தே அனுமதிக்கும் தனிப் பிரிவை நிம்ஹான்ஸ் 2009இல் தொடங்கியது. அப்படி ஒரு வசதி இருப்பதே பல செவிலியர்களுக்குத் தெரியாது.

எல்லாவற்றையும்விடக் கனமானது அவசர சிகிச்சைப் பிரிவு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். அவர்களில் 19,834 பேர் தமிழ்நாட்டினர். எண்ணிக்கையில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். இறந்தவர்களைவிடப் பல மடங்கு அதிகமானோர் முயன்று பிழைத்தவர்கள். அவர்கள் வந்து சேர்வது மனநல மருத்துவமனைக்கு அல்ல. தாலுகா மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு. விஷம் குடித்தவர்களின் வயிற்றைக் கழுவி, அட்ரோபின் ஏற்றி, இரவெல்லாம் கண்மணியின் அளவையும் நாடித்துடிப்பையும் பார்த்து உயிரை மீட்பவர்கள் ஜெனரல் செவிலியர்கள். அட்ரோபின் கூடிப்போனால் நோயாளி பிதற்றுவார், துணியைப் பிய்ப்பார். அது மருந்தின் வேலையா, மனக்கலக்கமா என்று பிரித்தறியவும் அவர்களால்தான் முடியும்.

உயிர் மீண்ட பிறகு? மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ். ஏன் குடித்தாய் என்று அக்கறையோடு கேட்க ஆளில்லை. கேட்டால் திட்டுவதற்காகக் கேட்கிறார்கள். 2017ஆம் ஆண்டின் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் தரவேண்டியது அரசின் கடமை என்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு இடம்பெறவில்லை. சட்டப் புத்தகத்தில் நடந்த இந்த மாற்றம் வார்டுக்குள் நுழைய வேண்டுமென்றால், அதைத் தெரிந்த செவிலியர் அங்கே இருக்க வேண்டும். 14416 என்ற டெலிமனாஸ் மனநல உதவி எண்ணும் 104 என்ற தமிழ்நாடு அரசின் உதவி எண்ணும் இருப்பதை நோயாளியிடமும் குடும்பத்தாரிடமும் எடுத்துச் சொல்லவும் யாராவது வேண்டும்.

கீழ்ப்பாக்கம் முதல் ஏர்வாடி வரை

மனநலப் பராமரிப்பில் தமிழ்நாடு புதிதல்ல. சென்னையில் மனநோயாளிகளுக்கான முதல் விடுதி 1794இல் தொடங்கியது. 1871இல் அது கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறி, இன்றைய அரசு மனநலக் காப்பகமாக வளர்ந்தது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப் பெயர்பெற்ற சாரதா மேனன் 1961 முதல் 1978 வரை அதன் கண்காணிப்பாளராக இருந்தார். தொழில்வழிச் சிகிச்சை, மறுவாழ்வு என்று அந்த மதில்களுக்குள் வேறொரு காற்றை அவர் கொண்டுவந்தார். ஓய்வுக்குப் பின் 1984இல் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பைத் தொடங்கினார். வேலூர் சி.எம்.சி. 1957இல் பாகாயத்தில் மனநல மையம் திறந்தபோது, நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கேற்கும் முறையைக் கொண்டுவந்தது. தெருவில் அலையும் மனநோய் கொண்ட பெண்களுக்காக 1993இல் சென்னையில் பானியன் தொடங்கியது.

இவ்வளவும் நடந்த மாநிலத்தில்தான் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் அந்தத் தீ விபத்து நடந்தது. தனியார் காப்பகம் ஒன்றில் அதிகாலையில் கொட்டகை பற்றி எரிந்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. சங்கிலி பற்றி நாடெங்கும் பேச்சு எழுந்தது.

சங்கிலி கொடூரத்தின் அடையாளம் என்பதில் ஐயமில்லை. ஆனால், அது ஆளில்லாமையின் அடையாளமும்கூட. இரவு முழுவதும் நாற்பது பேரைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற ஒருவர்கூட இல்லாத இடத்தில் இரும்புதான் காவலாளி வேலை பார்க்கும். 2017ஆம் ஆண்டின் சட்டத்தை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. அதன் 95ஆம் பிரிவு சங்கிலியிடுவதை எந்த வடிவிலும் தடை செய்கிறது. 97ஆம் பிரிவு இன்னும் நுட்பமாகப் போகிறது. நோயாளியைத் தனியறையில் அடைக்கவே கூடாது. அவரைக் கட்டுவது தண்டனையாக இருக்கக் கூடாது. ஊழியர் பற்றாக்குறையை மட்டும் காரணம் காட்டியும் கட்டக் கூடாது. கட்டாமல் இருக்க வேண்டுமென்றால் ஆள் வேண்டும் என்பதை ஒரு சட்டப் பிரிவே ஒப்புக்கொண்ட அரிய இடம் இது. அந்த ஆள் பெரும்பாலும் செவிலியர்தான். கோபத்தில் கத்துகிறவரிடம் எவ்வளவு தூரத்தில் நிற்பது, குரலை எப்போது தாழ்த்துவது, வார்டில் எந்தப் பொருளை எங்கே வைக்கக் கூடாது என்று அறிந்தவர் ஷிஃப்டில் இருந்தால் கட்டவேண்டிய தேவையே பெரும்பாலும் எழாது.

எண்கள் சொல்லும் இடைவெளி

நிம்ஹான்ஸ் முன்னின்று நடத்திய தேசிய மனநல ஆய்வு 2015-16, பதினெட்டு வயதைக் கடந்தவர்களில் 10.6 விழுக்காட்டினர் ஏதோ ஒரு மனநலக் கோளாறோடு வாழ்வதாகச் சொன்னது. தமிழ்நாடும் அந்த ஆய்வில் இடம்பெற்ற 12 மாநிலங்களில் ஒன்று. சிகிச்சை தேவைப்பட்டும் பெறாதவர்கள், நோயைப் பொறுத்து, 70 விழுக்காட்டிலிருந்து 92 விழுக்காடு வரை. உலக சுகாதார நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு மனநல வரைபடத்தில் இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு மனநல மருத்துவர் 0.29, மனநலச் செவிலியர் 0.80. அதாவது, ஒரு லட்சம் பேர் வாழும் ஊருக்கு ஒரு முழு மனநலச் செவிலியர்கூட இல்லை.

மருத்துவர்களை ஒரே நாளில் உருவாக்க முடியாது. மனநல மருத்துவர் ஒருவர் உருவாகப் பள்ளி முடித்து எட்டு, ஒன்பது ஆண்டுகளாகும். ஏற்கெனவே பயிற்சி பெற்ற செவிலியர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். உலகம் முழுவதும் மனநலப் பணியாளர்களில் மிகப் பெரிய பிரிவு செவிலியர்களே. 1996இல் நாட்டில் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம் இன்று தமிழ்நாட்டின் மாவட்டங்களில் நடக்கிறது. மருத்துவர் வாரத்தில் ஒருநாள் வந்துபோகும் ஊர்களில், மாத்திரையை நிறுத்திவிட்டவரைத் தேடிப் போகவும், ஊசிக்கான தேதியை நினைவூட்டவும், வீட்டாரிடம் பேசவும் செவிலியரை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

பாதை இல்லாத பயணம்

மனநலப் பிரிவுக்கு இளைஞர்கள் வராததற்கு ஊரின் பேச்சு ஒரு காரணம். தமிழ்த் திரைப்படங்கள் கீழ்ப்பாக்கத்தை நகைச்சுவைக் காட்சியாக்கிய மாநிலம் இது. "பொண்ணு எங்க வேலை பாக்குது?" என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டால், பெரிய ஆஸ்பத்திரி என்று பொதுவாகச் சொல்லி முடித்துக்கொள்ளும் பெற்றோர் இருக்கிறார்கள். அடித்துவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. மனநல வார்டில் தாக்குதல் நடப்பதில்லை என்று சொல்ல முடியாது. ஆனால், குடிபோதையில் வருகிறவர்களும் கோபத்தில் கூடும் உறவினர்களும் நிறைந்த அவசரப் பிரிவு அதைவிடப் பாதுகாப்பான இடம் என்று எந்தச் செவிலியரும் சொல்லமாட்டார்.

ஊரின் பேச்சைவிடப் பெரிய காரணம், இந்தத் துறையில் ஏறிப்போகப் படிக்கட்டு இல்லாதது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் செவிலியர்களைத் தேர்ந்தெடுப்பது பொதுவான தேர்வின் மூலம். ஓராண்டு மனநலப் பட்டயம் படித்தவர் அரசுப் பணியில் சேர்ந்து குழந்தைகள் வார்டில் நிற்பதும், மனநலத்தில் ஆர்வமே இல்லாதவர் கலந்தாய்வில் வேறு இடம் கிடைக்காமல் மனநல வார்டுக்கு வருவதும் இங்கே இயல்பு. எம்.எஸ்சி.யில் மனநலச் செவிலியம் படித்தவர்களில் பெரும்பாலானோர் கல்லூரி ஆசிரியர் ஆகிவிடுகிறார்கள். நோயாளியின் பக்கத்தில் நிற்க அதிகம் படித்தவர் நோயாளியை விட்டு விலகிப்போகும் ஏற்பாடு இது. தனியார் மருத்துவமனைகளில் சிறப்புப் படிப்புக்குத் தனிச் சம்பளம் கிடைப்பது அரிது. போதை மீட்பு மையங்கள் சிலவற்றில் இரவில் ஒரே ஒரு செவிலியர், அவரும் சேர்ந்து இரண்டு மாதமானவர் என்ற நிலை இருக்கிறது.

இதோடு தொகுப்பூதியப் பிரச்சினையும் சேர்கிறது. தேர்வு எழுதித் தேர்ச்சி பெற்று ஒப்பந்த அடிப்படையில் சேர்ந்த அரசுச் செவிலியர்கள் பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு போராடியது நினைவிருக்கும். வேலையே உறுதியில்லாதவரிடம் துறையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது எப்படி?

எங்கே தொடங்குவது?

முதல் வேலை தேடும் செவிலியருக்கு இதிலிருந்து கிடைக்கும் விடை, சீனியர்கள் தரும் விடையைவிடச் சற்று வேறானது. எந்தத் துறை என்பதைவிட எந்த இடம் என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் தொடங்குகிறவர் எதையும் இழப்பதில்லை. அதே வளாகத்தில் மருத்துவம், அறுவைசிகிச்சை, பிரசவம் எல்லாம் இருக்கின்றன. காய்ச்சலும் சர்க்கரையும் வலிப்பும் அவர் வார்டுக்கே வரும். கேட்டுக் கற்றுக்கொள்ளச் சீனியர்கள் இருப்பார்கள். தமிழ்நாட்டில் 36 அரசு மருத்துவக் கல்லூரிகள் இருப்பதால் இது சென்னைக்கு மட்டும் உரிய வாய்ப்பும் அல்ல. மனநலத்தில் ஆர்வமுள்ள ஒருவர் இங்கே தொடங்க இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை. ஊசி போடும் கை மறக்கும் என்ற பயத்துக்கு மருந்து, ஆண்டில் சில வாரங்கள் மருத்துவ வார்டில் டூட்டி கேட்டு வாங்குவது. மறந்த கை சில வாரங்களில் திரும்பிவிடும்.

மூத்தவர் யாரும் இல்லாத தனியார் காப்பகத்திலோ போதை மீட்பு மையத்திலோ புதியவர் தொடங்குவது வேறு விஷயம். அங்கே ஆபத்து நோயாளிக்கும் செவிலியருக்கும் சமம். அப்படிப்பட்ட இடம் மட்டுமே கிடைக்கிறதென்றால் ஜெனரல் வார்டில் தொடங்குவதே நல்லது. சீனியர்கள் சொல்வது இந்த இடத்தில் சரி. எதில் ஆர்வம் என்று இன்னும் தெளியாதவர்களுக்கும் மருத்துவ வார்டே நல்ல தொடக்கம். ஆனால் அங்கேயும், விஷம் குடித்து வந்தவரிடம் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசும் பழக்கத்தை முதல் மாதத்திலிருந்தே வைத்துக்கொள்ள வேண்டும்.

அரசு செய்ய வேண்டியவை

தனி ஆளின் ஆர்வத்தை நம்பி ஒரு துறையை நடத்த முடியாது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் மனநலச் செவிலியர் என்ற பெயரிலேயே பணியிடங்களை உருவாக்க வேண்டும். அந்தப் பணியிடத்துக்குச் சிறப்புப் படிப்பு முடித்தவருக்கு முன்னுரிமையும் ஊக்க ஊதியமும் தர வேண்டும். அங்கிருந்தே கண்காணிப்பாளர் வரை உயர வழி வேண்டும். பணியில் இருக்கும் செவிலியர்களைச் சம்பளத்துடன் ஓராண்டுப் பட்டயத்துக்கு அனுப்பலாம். புதிதாகச் சேரும் ஒவ்வொரு செவிலியருக்கும் முதல் இரண்டு ஆண்டுச் சுழற்சியில் மூன்று மாதம் மனநலப் பிரிவு கட்டாயம் என்று வைத்தால், அவசரப் பிரிவும் பிரசவ வார்டும் சேர்ந்தே பயன்பெறும். 1947ஆம் ஆண்டின் நர்சிங் கவுன்சில் சட்டத்துக்கு மாற்றாக 2023இல் நாடாளுமன்றம் தேசியச் செவிலியர் ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. மனநலச் செவிலியருக்குத் தனித் தகுதியும் பதிவும் வகுக்க இது பொருத்தமான நேரம்.

இது கருணையால் கேட்பதல்ல; 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ஏற்கெனவே கொடுத்த வாக்கு. மக்கள்தொகைக்கு ஏற்ப உலகம் ஏற்றுக்கொண்ட அளவில் மனநலப் பணியாளர்களை உருவாக்க, சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து பத்தாண்டுகளுக்குள் அரசுகள் முயற்சி எடுக்க வேண்டும் என்கிறது அதன் 31ஆம் பிரிவு. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2018இல். கெடு 2028இல் முடிகிறது.